கை தெரியட்டும்

ரப்பர் பால் மரத்தில் உளியை வைத்து இழுப்பது, தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே அசைவுதான். வெட்டுகிறவருக்கு அதற்குள் பத்துக் கணக்கு இருக்கிறது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும் சரிவில், ஒரு முறைக்குச் சீவ வேண்டிய பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஆழம் போதாவிட்டால் பால் ஓடும் நுண்குழல்கள் முழுதாக அறுபடாது, மங்கு எனும் கிண்ணத்தில் பால் சேராது. கொஞ்சம் கூடிவிட்டால் உளி மரத்தின் உள்தோலைத் தொட்டுவிடும். அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பட்டை மறுபடி வளர்ந்த பிறகும் அங்கே சீராக வெட்ட முடியாது. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இந்தக் கணக்கெல்லாம் தலைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு மரத்துக்குச் சில வினாடிகளில், ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களுக்குப் போட வேண்டியிருந்தது. பேராக் மாநிலத்தின் கமுந்திங், தைப்பிங், செலாமா, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்களின் கைக்கு இது தெரிந்திருந்தது. 1988இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் உற்பத்தி செய்தது. 2023இல் அது 4 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. கித்தா எனும் ரப்பர்க் காடுகள் செம்பனையாகின, தோட்டத்து வீடுகள் காலியாகின, மக்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டு முறைகளை ஆராய்ந்தது, பயிற்சியும் கொடுத்தது. ஆனால் இந்த மரத்தில் ஏன் உளியைச் சற்று நிமிர்த்தினேன், மழை விட்ட காலையில் எந்த மரத்தை ஏன் விட்டுவைத்தேன் என்று வெட்டியவரே தம் வாயால் சொன்ன பதிவு நம்மிடம் அரிது. கண்முன்னே ஒரு தொழிலறிவு இப்படிக் கரைந்ததைப் பார்த்த சமூகம் நாம். அடுத்ததையும் கரையவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கமுந்திங்கைத் தொழில் தெரிந்தவர்களின் ஊர் என்று சொன்னால் மிகையாகாது. ஈயச் சுரங்கக் காலத்தில் 'புதுச் சுரங்கம்' என்ற பொருளில் கிளியான் பாரு எனப் பெயர் பெற்றிருந்த இடம் இது. பக்கத்தில் உள்ள தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடியபோது, அந்தப் பாதையில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பும் இருந்தது. இன்று கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் ஜப்பானிய டோயோ நிறுவனம் 2013 முதல் டயர் தயாரிக்கிறது. தாத்தா பால் வெட்டிய வட்டாரத்தில் பேரன் டயர் வார்க்கிறான் என்று சொல்லும்படியான ஊர். தொழிற்சாலைப் பராமரிப்பு, வெல்டிங், ஏர்கோன், வயரிங், லாரிப் பட்டறை, தாதிமை, தையல், மணவறை அலங்காரம் என்று எதை எடுத்தாலும் இருபது முப்பது ஆண்டு கை பழகிய ஒரு தமிழர் இந்த வட்டாரத்தில் இருப்பார். அவரவர் தொழிலை அவரவரே இணையவழி வகுப்பாகப் படம்பிடித்து வைக்க வேண்டும், அதுவும் தமிழில் வைக்க வேண்டும் என்கிறேன். கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. எதைப் படம்பிடிப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வேலையின் படிகளை வரிசையாகச் சொல்லிவிட்டால் வகுப்பாகிவிடும் என்று நினைக்கிறோம். படிகள் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் கைகாரர் எடுக்கும் முடிவு எங்கேயும் கிடைக்காது. பதிவாக வேண்டியது அந்த முடிவு.

தொழிலில் ஊறியவருக்குத் தான் எடுக்கும் முடிவுகள் தனக்கே தெரிவதில்லை. இது நல்லாசிரியர் எல்லாரும் ஒருவாறு உணர்ந்த விஷயம்தான் என்றாலும், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் அனுபவம் மிக்க அறுவை மருத்துவர்களிடம் ஒரு சிகிச்சை முறையை மாணவர்களுக்குச் சொல்வதுபோல் விவரிக்கச் சொன்னார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, முடிவெடுக்க வேண்டிய கட்டங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அவர்கள் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். மறைக்கும் எண்ணம் அவர்களுக்குத் துளியும் இல்லை. கை அதைத் தானாகச் செய்துவிடுவதால் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். மருத்துவருக்கே இப்படியென்றால், ஒருநாளும் யாருக்கும் பாடம் சொல்லிப் பழகாத பட்டறைக்காரர் எவ்வளவு விட்டுவிடுவார்? ஏர்கோன் வேலையையே எடுத்துக்கொள்வோம். 'குளிரவில்லை' என்று வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். புதிதாகப் பழகியவர் நேராக கேஸ் அளவைப் பார்த்து நிரப்பிவிட்டுப் போவார். கைகாரர் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார், வெளியே இருக்கும் பெட்டியின் தகட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார், விசிறி சுழலும் வேகத்தைக் காதால் கேட்பார். கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். செம்புக் குழாய் இணையும் இடத்தில் விரலை வைத்துத் தடவி எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒட்டினால் கசிவு அங்கேதான். இந்த விரல் தடவலுக்கு இரண்டு வினாடி ஆகும். 'சர்வீஸ் செய்வது எப்படி' என்று அவரைப் பேசச் சொன்னால் இந்த இரண்டு வினாடி அவர் பேச்சில் வரவே வராது. வந்தால்தான் அது வகுப்பு.

அதனால்தான் முகத்தைவிடக் கை முக்கியம். இணைய வகுப்பு என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு மேசை, பின்னால் ஒரு பதாகை, கோட்டு போட்ட ஒருவர், மேலே வெள்ளை விளக்கு. செலவு பிடிக்கும் இந்தக் காட்சியைப் பார்த்தே பலர் பின்வாங்குகிறார்கள். 2014இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் இணையப் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் கவனம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரிய பதிவுக்கூடத்தில் எடுத்ததைவிட, ஆசிரியர் தம் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசிய காணொளிகளில் மாணவர் கவனம் கூடுதலாக நின்றது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், மின்சுற்று ஒன்றைப் பொருத்தும் வேலையை எதிரே நின்று எடுத்த படத்திலும், செய்கிறவர் கண்ணின் இடத்திலிருந்து எடுத்த படத்திலும் காட்டினார்கள். செய்கிறவர் கண்ணால் பார்த்தவர்களே நன்றாகக் கற்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பட்டறையில் இருப்பவருக்கு வேண்டியது என்ன என்பது விளங்கிவிடும். தோளுக்கு மேலாகவோ நெற்றி உயரத்திலோ கைப்பேசியைப் பொருத்த ஒரு தாங்கி, சட்டைக் காலரில் செருகும் ஒரு சிறு ஒலிவாங்கி, ஆறு நிமிடத்துக்கு ஒரே ஒரு முடிவு. எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தைப்பிங் மலையடிவாரம் தீபகற்ப மலேசியாவிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பிற்பகலில் தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்தக் குரலும் பதிவாகாது. காலையில் எடுத்துவிடுவது நல்லது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் அடுத்த நிமிடமே போய்விடுவார்.

தமிழர்கள் இதை எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் சமையற்காரர் பெரியதம்பியும் அவருடைய பேரன்மாரும் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை ஆனது. இங்கே பேராக்கிலேயே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் தம்பதியான சுகு, பவித்ரா இருவரும் 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கைப்பேசியை வைத்து, சரளமான மலாயில் சமையல் சொல்லி நாடு முழுதும் அறியப்பட்டார்கள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தம் உரையொன்றில் அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் எனக்குப் பெரிதும் மகிழ்ச்சி தருகின்றன. பதிவுக்கூடம் எதுவும் இல்லாமல், தமக்குத் தெரிந்ததை வைத்து மட்டுமே கோடிக்கணக்கானோரிடம் போக முடியும் என்பதை அவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டன. ஆனால் காட்டுவதும் கற்பிப்பதும் ஒன்றில்லை. நூறு பேருக்குக் குழம்பு கொதிக்கும் காட்சி கண்ணை நிறைக்கும். அளவு பத்து மடங்கானால் உப்பையும் தீயையும் எப்படி மாற்றுவது என்பதை அதிலிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது கடினம். நான் கேட்பது இரண்டாவது வகை. அதைப் பத்து லட்சம் பேர் பார்க்க மாட்டார்கள். இருநூறு பேர் பார்த்தால் போதும், அந்த இருநூறு பேரும் மறுநாள் காலையில் அதே வேலையைச் செய்யப் போகிறவர்களாக இருக்கும் பட்சத்தில். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பாடங்கள் திரைக்கு வந்தன. 2021 பிப்ரவரியில் மலேசியாவில் டிடிக் டிவி கல்வி அலைவரிசை தொடங்கியது, தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஆசிரியர்களுக்கு அமைந்த அந்த மேடை, தொழிலாளிக்கு இன்னும் அமையவில்லை.

கைத்தொழிலைக் காணொளியில் கற்க முடியாது என்பது இதற்கு எதிராக வரும் முதல் வாதம். நீச்சலை நூல் படித்துக் கற்க முடியுமா என்று கேட்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மேசை விரிப்பைப் பாத்திரங்கள் விழாமல் உருவும் வித்தையைப் போன்றவற்றைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை மட்டும் ஏறியது, திறமை ஏறவில்லை. எவ்வளவு பார்க்கிறோமோ அவ்வளவுக்கு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பந்து வித்தைக்கான கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்த்தாலே அந்தப் பொய் நம்பிக்கை தணிந்துவிடுகிறது. அதனால் கைத்தொழில் வகுப்பு எடுக்கிறவர் ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்குப் பிறகும் 'இப்போது நிறுத்திவிட்டு நீங்கள் செய்து பாருங்கள், இந்த இடத்தில் இப்படிப் பிசகும்' என்று சொல்லியாக வேண்டும். பிசகையும் படத்தில் காட்ட வேண்டும். கோணலாக ஓடிய வெல்டிங், தையல் பிரிந்த கைக்குழி, காயம்பட்ட பால் மரம், இவற்றைக் காட்ட நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கற்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. தன் கையில் நடந்தது என்ன என்று அவர் அடையாளம் காண்பது அந்தப் பிசகைப் பார்த்துத்தான். காணொளி பயிற்சிக்கு மாற்றாகாது. ஒரே பயிற்றுநரிடம் ஏழெட்டுப் பேர் நிற்கும் பட்டறையில், அவர் ஒரே விளக்கத்தை எட்டு முறை சொல்லும் நேரத்தை அது மிச்சப்படுத்தும். மிச்சமான நேரத்தில் அவர் ஒவ்வொருவர் கையையும் பார்க்கலாம்.

இணைய வகுப்பில் சேர்கிறவர்கள் முடிப்பதே இல்லை என்பதும் நியாயமான கேள்வி. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களை ஆராய்ந்து ஜஸ்டின் ரீச்சும் ருய்பெரெஸ் வாலியெந்தேயும் 2019இல் எழுதியபோது, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3 விழுக்காட்டினர்தான் முடித்திருந்தார்கள். உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கே கதி இதுவென்றால் கமுந்திங் பட்டறைக்காரர் எம்மாத்திரம்? ஆனால் அவை பல வாரம் நீளும் பாடங்கள். யாரென்றே தெரியாத ஆசிரியர், எங்கிருந்தோ சேரும் மாணவர். தொழில் வகுப்பை முழுதாக முடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கசிவைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டியவர் அந்த ஆறு நிமிடத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். எடுக்கிறவரும் பார்க்கிறவரும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் வாட்ஸ்ஆப்பில் தன் வேலையைப் படம் எடுத்து அனுப்பிச் சரியா என்று கேட்கலாம். பெரிய பல்கலைக்கழகத்தால் தர முடியாததைச் சின்ன ஊர் தரும்.

தமிழில் கற்பித்து என்ன பயன், சான்றிதழ் தேர்வு மலாயில், இயந்திரத்தின் கையேடு ஆங்கிலத்தில் அல்லவா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1847இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் சொல்லித்தந்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தவர்கள் பட்டணத்துக்கும் அரசு வேலைக்கும் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே ஊர் மக்களிடம் இருப்பார்கள் என்று அவர் எண்ணினார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார், கலைச்சொற்களையும் உருவாக்கினார். அவரிடம் 60க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பயின்றார்கள். அச்சுக்கூடத்தையும் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு நூற்றறுபது ஆண்டுக்கு முன்பு உடற்கூற்றையே தமிழில் நடத்த முடிந்ததென்றால், கைப்பேசியை வைத்துக்கொண்டு கம்ப்ரசரை நடத்த முடியாதா? இங்கே நான் தூய தமிழைக் கேட்கவில்லை. கருவியின் பெயர் தேர்வுத்தாளில் எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும், மலாயோ ஆங்கிலமோ. அதை ஏன் தொடுகிறோம், எப்போது தொடக்கூடாது என்ற விளக்கம் தமிழில் வரட்டும். தோட்டத்தில் நம் முன்னோர் செய்ததும் இதுவே. மங்கும் கித்தாவும் மலாயிலிருந்து வந்த சொற்கள், கிராணி வேறெங்கிருந்தோ வந்தது. நிரையும் உளியும் ஒட்டுப்பாலும் நம்முடையவை. அந்தக் கலப்பிலேயே ஒரு முழுத் தொழிலை அவர்கள் நடத்தினார்கள். எஸ்பிஎம் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பையனுக்குத் தன் வீட்டு மொழியில் காரணம் புரிந்துவிட்டால், மலாயில் எழுதும் தேர்வில் அவன் மனப்பாடத்தை நம்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் என் பிழைப்பு என்னாவது என்ற அச்சம் இவற்றைவிட ஆழமானது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மாதச் சம்பளம் இல்லாமல் தன் கைத்திறமையை மட்டும் நம்பி வாழ்கிறவர் அதைப் பூட்டி வைக்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் காணொளியைப் பார்த்து ஒரே வாரத்தில் போட்டிக்கு வந்துவிடக்கூடிய ஒருவர், எப்படியும் வேறெங்காவது பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிடுவார். முப்பது ஆண்டுத் திறமை அவ்வளவு சீக்கிரம் கைமாறாது. வீட்டுக்காரருக்கோ அந்தக் காணொளி வேறு ஒன்றைச் சொல்கிறது. கேஸ் நிரப்புவதற்கு முன் எட்டு இடத்தைப் பார்க்கிறவர் இவர் என்று தெரிந்தால் அவர் இவரைத்தான் கூப்பிடுவார். அதைவிட முக்கியமாக, சான்றிதழே இல்லாத கைகாரர்களுக்கு இந்தப் பழக்கம் ஒரு கதவைத் திறக்கக்கூடும். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பறைக்குப் போகாமலே, முன் அனுபவத்தை நிரூபித்துப் பெறும் வழி இருக்கிறது. 'பிபிடி' என்று அதைச் சொல்வார்கள். தான் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் திரட்டி, திறன் தர ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் நேராக வைத்துக் காட்ட வேண்டும். அதில் பலர் தடுக்கி நிற்பது, தாம் செய்வதைச் சொற்களாக்கத் தெரியாததால். ஒவ்வொரு வேலையையும் விளக்கிப் பேசி முப்பது வகுப்பு எடுத்தவருக்கு அந்தச் சொற்கள் கைவசம் இருக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆசிரியருக்குக் கூலி கொடுப்பது கற்கிறவருக்கும் மரியாதை.

ஆபத்தான தொழில்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்தான் செய்யலாம் என்ற விதி உயிரைக் காப்பதற்காக வந்தது. வீட்டு விசைப்பெட்டியைத் திறந்து பார்க்கப் பொதுமக்களைத் தூண்டும் காணொளி எந்த மொழியில் இருந்தாலும் தீங்குதான். அத்தகைய வகுப்பு, பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கென மூடிய குழுவில் நடக்கட்டும். பொதுமக்களுக்கு எப்போது மின்கம்பியாளரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொன்னால் போதும். தாதியர் நோயாளியைப் படம்பிடிக்கக் கூடாது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் முதலாளியின் இயந்திரத்தையோ கலவை முறையையோ வெளியே கொண்டுவரக் கூடாது. அளக்கும் பழக்கம், ஓசையைக் கேட்டுப் பழுதை உணரும் பழக்கம் ஆகியவை அவருடைய சொந்தச் சொத்து. போலிகளும் வருவார்கள். மூன்று மாதப் பழக்கத்தை வைத்துக்கொண்டு வகுப்பு விற்கிறவர்கள் ஏற்கெனவே நிறையவே இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண ஒரு வழி உண்டு. கையைக் காட்டாமல் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். உண்மையான கைகாரர்கள் ஒதுங்கி நிற்கும்வரை அந்த இடத்தை அவர்கள்தான் நிரப்புவார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. இந்தியச் சமூகத்தின் உருமாற்றத்துக்கென அமைந்த அரசுப் பிரிவான மித்ராவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் பல ஆண்டுகளாக 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு துளியைத் தொழில் காணொளிகளுக்கு எடுத்துவைத்தால், உணவும் உரையுமாக ஒரே நாளில் முடிந்துவிடும் கருத்தரங்கைவிட நெடுநாள் நிற்கும். ஆலய மண்டபத்தின் ஒரு மூலை, தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பட்டறை, இவையே பதிவுக்கூடம். தைப்பிங் அட்டெக் போன்ற பயிற்சி நிலையங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் காணொளிகளைத் தம் திறன் தர ஆவணத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பணிக்கு எது பொருந்தும் என்று வகைப்படுத்தித் தரலாம்.

கடைசியாக, கைப்பேசியைப் பிடிப்பது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தாங்கியில் வைத்துவிட்டுத் தனியாகப் பேசினால் அறுவை மருத்துவர்களுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். கை தானாகச் செய்ததை வாய் விட்டுவிடும். அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த உதவியாள், பள்ளி விடுமுறையில் இருக்கும் மகள், ஒரு பேரன். கோலகங்சாரில் 1870களின் இறுதியில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை வேலி போட்டு இன்னும் பாதுகாக்கிறார்கள். பால் வெட்டிய கைகளோ வேலியில்லாமல் நம் தாமான் வீடுகளின் முன்வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. எழுபதைத் தாண்டியும் அந்த விரல்களுக்கு உளியின் சாய்வு மறக்கவில்லை. சிறுதோட்டக்காரர்களுக்கு இன்றும் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பேத்தி ஒருநாள் விடியுமுன் எழுந்து, தலைவிளக்கின் வெளிச்சம் வெட்டுக்கோட்டில் விழும்படி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பாட்டி உளியை இழுப்பார், பாதியில் மணிக்கட்டைச் சற்றே திருப்புவார். 'ஏன் பாட்டி இப்ப கையத் திருப்புனீங்க?' என்று அவள் கேட்பாள். பாட்டி ஒரு கணம் நின்று, தன் கையையே பார்த்து, யோசித்துச் சொல்வார். காணொளியை வெட்டி ஒட்டும்போது அந்தக் கேள்வியையும், பதிலுக்கு முந்திய அந்த மௌனத்தையும் நீக்கிவிட வேண்டாம்.